மஞ்சள் போட்டுக் கழுவிய சுறா

நான் ஜப்பானுக்குக் கிளம்பிய நாள் அமாவாசை. செஞ்சிக்காரன் எவனும் அப்படி ஒரு நாளில் வெளியூர் கிளம்பமாட்டான். நாள் நல்லதா கெட்டதா என்பது இல்லை விஷயம், பஸ் கிடைக்காது. மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்க ஊர் உலகமே திரண்டு வரும். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிக்கெல்லாம் ‘சிறப்புப் பேருந்து’ என்று தாள் ஒட்டிவிடுவார்கள். சென்னை வண்டி என்று நம்பி நான் பெட்டியோடு ஏறி உட்கார்ந்திருந்த பஸ்ஸுக்கும் பத்தாவது நிமிடத்தில் ஒட்டினார்கள்.

“எறங்குப்பா, இது மலையனூர் போவுது” என்றார் கண்டக்டர்.

“அண்ணே, நான் ஏர்போர்ட்டு போவணும்.”

“அம்மாவ பாத்துட்டு போயேன். ஏரோப்ளேன் எங்க ஓடிடப் போவுது?” என்றவர் என் பெட்டியைக் காலால் நகர்த்திப் பார்த்தார். “இன்னா இந்தக் கனம் கனக்குது? உள்ள ஆடு கீடு வெச்சிருக்கியா?”

ஆடு இல்லை. காலிக் குப்பிகள் ஐம்பது, கத்தி, கத்தரி, இடுக்கி, அளவு நாடா, எங்கள் கொல்லையில் விளைந்த மல்லாட்டை மூன்று கிலோ. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கடைசியில் திண்டிவனம் வரை ஒரு முட்டை வண்டியில் போனேன். டிரைவர் வழியெல்லாம் பெட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார், முட்டை மேல் விழுந்துவிடுமோ என்று.

எனக்கு ஊர் செஞ்சிக்கு அடுத்த சிங்கவரம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது நான் நாலாவது படிக்கும்போது, என் ரேங்க் கார்டுக்காக. இப்போது கடலோரக் கல்லூரி ஒன்றில் சுறாக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். மலைக்கு நடுவில் பிறந்தவனுக்கு சுறா எதற்கு என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிடித்தது எல்லாவற்றிலும் வினோதமான ஒன்று. அதற்குத் தமிழில் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் குட்டிப் பூதத்தின் பெயரால் அழைக்கிறார்கள். நான் என் நோட்டில் பூதச்சுறா என்று எழுதிக்கொண்டேன். வெயில் எட்டாத ஆழத்தில் வாழ்கிறது. உடம்பு இளஞ்சிவப்பு. அது சாயம் இல்லை, தோல் அத்தனை மெல்லியது என்பதால் உள்ளே ஓடும் ரத்தம் வெளியே தெரிகிறது. தலைக்கு முன்னால் தோசைத் திருப்பி போல நீண்ட, தட்டையான மூக்கு. அதன் அடியெல்லாம் பொடிப் பொடித் துளைகள். இருட்டில் ஒரு கணவாய் அசைந்தால், அதன் உடம்பில் ஓடும் துளி கரண்ட்டை அந்தத் துளைகள் கண்டுபிடித்துவிடும். சதை தொளதொளவென்று இருக்கும், நீச்சலில் சோம்பேறி. ஆனால் இரை பக்கத்தில் வந்ததோ, இரண்டு தாடையும் கவணிலிருந்து கல் கிளம்புவது மாதிரி முகத்தை விட்டு முன்னே பாய்ந்து கவ்விக்கொண்டு திரும்பிவிடும். நமக்குத் தெரிந்த சுறாக்களில் இவ்வளவு வேகமாகத் தாடையை வீசுவது வேறு இல்லை.

எத்தனை வருஷம் வாழும், எங்கே குட்டி போடும், குட்டியிலிருந்து பெரிதாகும் வரை எதைத் தின்கிறது, இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். என் வேலை மூன்றாவது கேள்வி. அதற்கு வேண்டியது ஒரே ஒரு பொருள், எதையாவது தின்ற பூதச்சுறாவின் வயிறு. அதுதான் கிடைக்காது. சுறாக்கள் பல வலையில் ஏறும்போதே வயிற்றில் இருப்பதைக் கக்கிவிடும். பிடிபடுகிற பூதச்சுறாக்களில் பெரும்பாலும் வயிறு காலி.

எனக்கு வழிகாட்டியான மேடம் கிளம்பும் முன் தெளிவாகச் சொல்லியிருந்தார். “ஏழுமலை, பன்னிரண்டு நாள். கிடைச்சா சுறா. கிடைக்கலைன்னா இறால் பண்ணைத் தலைப்புக்கு மாறிடு. காலி வயித்தை வச்சு தீசிஸ் எழுத முடியாது.” நைனாவுக்கு இதில் வருத்தமே இல்லை. “எறா படிச்சா கம்பெனி வேலயாம்டா. வாத்தியார் சொன்னாரு” என்றார். இரண்டு பேரும் என் மேல் அக்கறையில் சொன்னதுதான். எனக்குத்தான் இறாலைப் பார்த்தாலே மனசு சுருண்டுவிடும்.

ஜப்பானில் பூதச்சுறா அவ்வப்போது வலையில் ஏறுகிற சுருகா வளைகுடாவில் ஒரு சின்னத் துறைமுகம். கடலின் அடி கரையை விட்ட கொஞ்ச தூரத்திலேயே மளமளவென்று இறங்கிவிடுகிறது. அதனால் ஆழ்கடல் வலை போடுகிற படகு காலையில் போய்ப் பகலிலேயே திரும்பிவிடுகிறது. படகுக்காரர் ஒகாவா வீட்டு மாடியில் எனக்கு இடம். ஐம்பத்தைந்து வயசு, குரல் மட்டும் மைக் செட். அவர் மனைவி சச்சிகோ துறைமுகத்தில் மீன் பிரிப்பவர். படகில் வேலை செய்கிற வாஹ்யு இந்தோனேசியாக்காரன், என் வயசு. அவனுக்கு ஜப்பானியமும் தெரியும், உடைந்த ஆங்கிலமும் தெரியும். இனி இதில் யார் என்ன பேசினாலும் அவன் வாய்வழி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் என் பெயருக்கு அர்த்தம் கேட்டார்கள். ஏழு மலை என்றேன். ஒகாவா தொடையைத் தட்டிச் சிரித்தார். “இங்கே இருப்பது ஒரே ஒரு மலை, அதற்கே இந்த ஆர்ப்பாட்டம். இவன் ஏழோடு வந்திருக்கிறான்!” அன்றிலிருந்து நான் ‘நானயாமா’. அவர்கள் மொழியில் அதே ஏழு மலைதான். ஒற்றை மலை ஜன்னலில் தெரிந்தது, தலையில் பனியோடு. அழகுதான். ஆனால் எங்கள் செஞ்சிக் கோட்டை மலை ராஜகிரியில் ஏறி உட்கார்ந்தால் முதுகுக்குப் பாறையின் சூடு தெரியும். இது பார்க்கிற மலை, அது சாய்கிற மலை.

இரண்டாம் நாள் படகில் போனேன். போனேன் என்பதைவிட, கொண்டுபோனார்கள். கரை மறைவதற்குள் காலைச் சாப்பாடு கடலுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாளும் அதேதான். சுறாவின் வயிற்றைத் தேடி வந்தவன் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். “சுறாவும் இவனும் ஒரே சாதி. மேலே வந்ததும் இரண்டும் கக்கிவிடுகின்றன” என்றார் ஒகாவா. வாஹ்யு அதை மொழிபெயர்ப்பதற்குள் சிரித்துச் சிரித்துக் கயிற்றை விட்டுவிட்டுத் திட்டு வாங்கினான்.

வலையில் வந்ததெல்லாம் எனக்குப் புதுசு. கண் மட்டும் பச்சையாக மின்னும் விரல் நீள மீன்கள், வயிற்றில் விளக்கு வைத்த குட்டிச் சுறாக்கள், காலே ஆள் நீளத்துக்கு இருந்த நண்டு. பூதச்சுறா இல்லை. ஒகாவா அதை ‘டெங்கு’ என்பார். நீள மூக்குப் பூதம் ஒன்றின் பெயராம். எங்கள் ஊரில் டெங்கு என்றால் சுகாதாரத் துறை வீடு வீடாக வந்து தொட்டியைக் கவிழ்க்கும் என்றேன். “இங்கே பத்து வருஷத்துக்கு முன்னால் வந்தால் அப்படியே கடலில் கவிழ்ப்போம். விலை போகாத மீன்” என்றார்.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் காற்று, படகு போகவில்லை. விரலில் எண்ணிப் பார்த்தேன், மிச்சம் ஏழு. நைனா போன் செய்தார்.

“இன்னாடா, கெடச்சுதா?”

“இன்னும் இல்ல நைனா.”

“சாப்டியா?”

“சாப்டேன். சோறு, மீனு, முள்ளங்கி.”

“கொழம்பு?”

“கொழம்பு இல்ல.”

“கொழம்பு இல்லயாம்” என்று அம்மாவிடம் சொல்வது கேட்டது. பிறகு, “வந்துடுறா” என்றார்.

நைனா சொன்னதும் குழம்பு நினைப்பு வந்துவிட்டது. அன்று மத்தியானம் வாஹ்யு எங்கள் மல்லாட்டையை வறுத்து, இடித்து, மிளகாயும் புளியும் சேர்த்து ஒரு துவையல் மாதிரி செய்திருந்தான். அவர்கள் ஊரில் தினமும் உண்டாம். இரண்டு பேரும் சோற்றில் பிசைந்து கையால் அடித்ததைப் பார்த்து சச்சிகோவுக்கு ஆச்சரியம்.

“உங்க வீட்டில் உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?” என்று கேட்டார்.

ஆட்டுக் குடல் குழம்பு என்றேன். ஞாயிற்றுக்கிழமை செஞ்சி கறிக்கடையில் வாங்கி வந்து, அம்மா குடலை உள்பக்கம் வெளியே வரும்படி குச்சியால் திருப்பி, கல்லுப்பு போட்டுத் தேய்த்து, மஞ்சள் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் அலசுவதை எழுந்து நின்று நடித்தே காட்டினேன். மேசைத் துணிதான் குடல். பசியில் பேசுகிறவன் பேச்சு ருசியாக இருக்கும் போலிருக்கிறது, மூவரும் வாய் திறந்து கேட்டார்கள்.

ஆறும் ஏழும் காற்றிலேயே போயின. எட்டாம் நாள், புதன்கிழமை. கிடைப்பதைக் கெடாமல் போட்டுவைக்கச் சாராயக் கரைசல் என்னிடம் இல்லை. அதை விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதால், பக்கத்து நகரத்துக் கல்லூரியில் எங்கள் மேடத்துக்குத் தெரிந்த ஆய்வாளரிடம் வாங்க வேண்டும். காற்று நின்று படகு கிளம்புகிற நாளாகப் பார்த்து நான் ரயிலேறினேன். கிளம்பும்போது வாஹ்யுவிடம், “சுறா வந்தால் அதன் வயிறு எனக்கு வேண்டும், மறந்துவிடாதே” என்று இரண்டு தடவை சொன்னேன்.

திரும்பும்போது ஏறியது விரைவு வண்டி. எங்கள் ஸ்டேஷன் கண் முன்னால் வந்தது, பெயர்ப் பலகை வந்தது, கடையும் வந்தது, எல்லாம் போயிற்று. என்னை அறியாமல் எழுந்து “எறக்கம்! எறக்கம்!” என்று கத்திவிட்டேன். செஞ்சி டவுன் பஸ்ஸில் இதற்கு மதிப்பு உண்டு. ஸ்டாப்பைத் தாண்டி இருந்தாலும் டிரைவர் திட்டிக்கொண்டே பிரேக் போடுவார். இங்கே பெட்டி முழுக்க இருந்தவர்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, எனக்குக் கூச்சமாக இருக்குமே என்று உடனே போனைப் பார்த்தார்கள். மூன்று ஸ்டேஷன் தள்ளி இறங்கி, எதிர் வண்டிக்குக் காத்திருந்து, துறைமுகத்தை அடைந்தபோது சாயங்காலம்.

வாஹ்யு வாசலில் குதித்துக்கொண்டிருந்தான். “டெங்கு! டெங்கு வந்துவிட்டது!”

ஐஸ் பெட்டியில் கிடந்தது. என் நெஞ்சு உயரம் இருக்கும், குட்டிதான். நான் படங்களில் பார்த்ததெல்லாம் தாடை வெளியே பிதுங்கி நிற்கும் முகம். அது செத்த பிறகு வருகிற கோலம். உயிரோடு இருக்கும்போது தாடை உள்ளே அடங்கி முகம் சாதாரணமாகத்தான் இருக்குமாம். யாரையும் செத்த பிறகு எடுத்த போட்டோவை வைத்து அசிங்கம் என்று சொல்லக்கூடாது. மூக்கைத் தொட்டேன். நுங்கு மாதிரி அமுங்கியது. பல் ஒவ்வொன்றும் ஊசி. பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முந்திய ஒரு குடும்பத்தில் இன்னும் உயிரோடு மிச்சமிருப்பது இது மட்டும்தான். நான் அதன் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் அதன் வயிறு நேர்த்தியாகக் கிழிக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன்.

“வயிறு?” என்றேன்.

“உள்ளே வா” என்றார் ஒகாவா. முகமெல்லாம் சிரிப்பு.

மேசையில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. அதன் நடுவில் அழகாகச் சுருட்டி வைத்த ஒரு மஞ்சள் பொருள். பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. சச்சிகோ முன்னங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி நின்றார். கைவிரல் பத்தும் மஞ்சள்.

“உங்க அம்மா செய்யற மாதிரியே செஞ்சேன். உள்பக்கத்தை வெளியே திருப்பி, உப்பு போட்டு, மஞ்சள் போட்டு. மஞ்சள் இங்கே எந்தக் கடையிலும் இல்லை, மருந்துக்கடையில் வாங்கினேன். நீ மூணு தண்ணி சொன்னே. நான் நாலு தண்ணி அலசினேன்.”

வயிறு வேண்டும் என்று கேட்டவன் நான். மூன்று நாள் முன்னால் குடல் கழுவுவதை நடித்துக் காட்டியவனும் நான். அந்தத் துறைமுகத்தில் மீனின் உள்ளுறுப்பைக் கேட்டு வாங்குகிறவர்கள் தின்னத்தான் கேட்பார்கள். வீட்டுப் பையன் கொழம்புக்கு ஏங்குகிறான் என்று அவர்கள் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

“நல்லா இருக்குது” என்று தமிழிலேயே சொன்னேன். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், “உள்ளே ஏதாவது இருந்ததா?” என்று கேட்டேன்.

“நிறைய இருந்தது!” என்றார் சச்சிகோ. “ஒரே குப்பை. ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை, கவலைப்படாதே.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாஹ்யு என் முகத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், புரிந்துகொண்டான். பாவம், அவனே மொழிபெயர்த்த வேலை. எனக்கு வேண்டியது வயிறு இல்லை, வயிற்றுக்குள் இருந்தது என்று அவனே எடுத்துச் சொன்னான். சச்சிகோ மஞ்சள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒகாவாவின் மைக் செட்டு முதல் தடவையாக அணைந்தது.

“எங்க ஊரா இருந்தா இந்நேரம் காக்கா கொண்டுபோயிருக்கும்” என்றேன், யாரிடமும் இல்லாமல்.

வாஹ்யு அதையும் மொழிபெயர்த்துவிட்டான். சச்சிகோ நிமிர்ந்தார். “காக்காவா? குப்பை வண்டி வெள்ளிக்கிழமைதானே வரும்?”

சொல்லிக்கொண்டே அவர் கொல்லைப்புறம் ஓடினார். நாங்களும் ஓடினோம். அங்கே இருந்த ஃப்ரீசரைத் திறந்தார். எரிக்கிற குப்பைக்கு வண்டி அந்தத் தெருவில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள்தான்; அதற்கு முன் வெளியே வைத்தால் அக்கம்பக்கம் முகத்தைச் சுளிக்கும். மீன் கழிவு வீட்டில் இருந்தால் நாறும். அதனால் செய்தித்தாளில் கட்டி, குப்பை நாள் வரை உறைய வைத்துவிடுவார்களாம். குப்பையை ஃபிரிஜ்ஜில் வைக்கிற ஜனங்களை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் உலகத்திலேயே அவர்களைப் போல நாகரிகமானவர்கள் இல்லை என்று தோன்றியது.

மூன்று பொட்டலங்கள் இருந்தன. நான் மூன்றையும் பிரித்து, உருக வைத்து, ஒரே தட்டில் கொட்டினேன். என் வாழ்நாளில் செய்த பெரிய முட்டாள்தனம் அது. அது எனக்குத் தெரிய இன்னும் நாளாகும்.

வியாழன் முழுக்க அந்தத் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். கணவாயின் வாய் அலகுகள் கிடைத்தன, கிளிமூக்கு மாதிரி வளைந்து, கறுப்பாக. முள், இறால் கூடு, மீனின் காதுக்குள் இருக்கும் சின்னக் கற்கள். ஒவ்வொரு மீனுக்கும் காதுக்கல் ஒவ்வொரு வடிவம், அதை வைத்து மீனைச் சொல்லிவிடலாம். நான் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் சச்சிகோ முள்ளைப் பார்த்தே பெயர் சொன்னார். ஒகாவா மறுத்தார்.

“அது எலிவால் மீன் இல்லை.”

“நீங்க வலையை இழுக்கிறவர். அதைப் பிரிக்கிறவள் நான். எலிவால்தான்.”

“வயிற்றை நாலு தண்ணி அலசினவள் பேச்சு!”

“ஐந்தாவது தண்ணியை உங்க தலையில் ஊற்றட்டுமா?”

வாஹ்யு இதை மொழிபெயர்க்கவில்லை. நான் கேட்டதும்தான் சொன்னான். எலிவால்தான் என்று புத்தகமும் சொன்னது.

பொறுக்கியதெல்லாம் கல்லூரி ஆய்வாளரிடம் பத்திரமாகப் போயிற்று. படங்களும் அளவுகளும் என்னோடு வந்தன. கிளம்பும் நாள் சச்சிகோ குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். நானும் பதிலுக்குக் குனிந்தேன். இரண்டு தடவை தலை முட்டிக்கொண்டது.

செஞ்சிக்குத் திரும்பிய மறுநாளே மேடத்துக்கு எல்லாவற்றையும் அனுப்பி, நடந்ததை ஒன்று விடாமல் எழுதியிருந்தேன். மாலையில் போன் வந்தது.

“மஞ்சள் வரைக்கும் எழுதியிருக்க. நல்லது. எந்தப் பொட்டலத்துல எது இருந்துச்சுன்னு எழுதலையே?”

நான் நோட்டைத் திரும்பப் புரட்டினேன்.

“மூணையும் ஒண்ணாக் கொட்டினியா?”

“ஆமா மேடம்.”

“ஏழுமலை, அந்த வீட்டுல தினமும் ஆழ்கடல் மீன்தான் திங்கிறாங்க. சுறா தின்னது எது, அவங்க தின்னது எதுன்னு எப்படிச் சொல்லுவ? நான் உன்னை நம்பறேன். படிக்கிறவன் நம்பணுமே.” மூச்சு விட்டார். “இறாலுக்குத் தலைப்பு மாத்தற படிவம் அனுப்பறேன். மாசக் கடைசிக்குள்ள வேற வழி இல்லைன்னா கையெழுத்துப் போட்டுடு.”

பாறை மேல் போய் உட்கார்ந்தேன். செஞ்சிப் பாறைகளுக்கு முன்னால் என் பூதச்சுறா நேற்றுப் பிறந்த பிள்ளை. இவை சுறா என்ற சாதியே இல்லாத காலத்துக் கற்கள். அந்தக் கணக்கில் என் மாசக் கடைசி எந்த மூலைக்கு? ஆனால் எனக்கு அது பெரிசாகத்தான் இருந்தது. கீழே இறங்கி வாஹ்யுவுக்கு எழுதினேன். அந்த மூன்று பொட்டலத்திலும் என்னென்ன கட்டினார் என்று சச்சிகோவுக்கு ஞாபகம் இருக்குமா? கோபித்துக்கொள்ளாமல் கேட்டுச் சொல்.

ஒரு வாரம் பதில் இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. இறால் தலைப்புக்கான படிவம் வந்துவிட்டது. அதை அலமாரியில் வைத்துவிட்டு நைனாவோடு கொல்லைக்குப் போக ஆரம்பித்தேன். மார்கழியில் விதைத்த மல்லாட்டை பிடுங்குகிற நேரம். பிடுங்கினால் செடி கையோடு வரும், மண்ணை உதறினால் காய் குலுங்கும். அந்தச் சத்தத்தில் மற்றதெல்லாம் கொஞ்சம் மறக்கும்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெயில் ஏறுவதற்கு முன், வரப்பில் வைத்திருந்த போன் முனகியது. வாஹ்யு. ஒரு தாளின் போட்டோ, கீழே ஆங்கிலத்தில் அவன் எழுதிய அர்த்தம். தாமதத்துக்குக் காரணம், சச்சிகோ ஞாபகத்தில் இருந்து சொல்ல மறுத்துவிட்டாராம். ஒகாவா, வாஹ்யு, மீன் வாங்கிய கடைக்காரர் எல்லோரையும் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்போனதை மட்டும் எழுதி, அடியில் தன் முத்திரையைச் சிவப்பு மையில் குத்தியிருந்தார்.

மண் கையோடு மேடத்தைக் கூப்பிட்டேன்.

“வாசி” என்றார்.

“ஞாயிறு, மின்னும் கண் மீன் பொரித்தது, தலை பொட்டலத்தில். திங்கள், தட்டை மீன், முள் பொட்டலத்தில். அன்றைக்கு இறால் சூப், கூடு அதே பொட்டலத்தில். செவ்வாய் காலை பழைய குப்பையெல்லாம் வண்டியில் போயிற்று, ஆனால் ஞாயிறு, திங்கள் பொட்டலம் இரண்டையும் வைக்க மறந்துவிட்டேன். செவ்வாய், முட்டை. புதன், விருந்தாளிக்குச் சமைக்க இருந்ததால் வீட்டுக்கு வேறு மீன் இல்லை. சுறா வயிற்றில் இருந்ததைத் தனியாகக் கட்டினேன். அந்த வாரம் கணவாய் இல்லை. என் கணவருக்குக் கணவாய் தின்றால் உடம்பு தடிக்கும், அதனால் எங்கள் வீட்டுக்குள் கணவாய் வந்து பதினோரு வருஷம். எலிவால் மீன் நாறும், நான் சமைப்பதே இல்லை.”

“நிறுத்து” என்றார் மேடம். “கணவாயும் எலிவாலும். அது ரெண்டும் வீட்டுது இல்ல.”

“ஆமா மேடம்.”

“இறால் கூடு போச்சு.”

“போவட்டும் மேடம்.”

அவர் சிரித்த சத்தம் கேட்டது. “எலிவால் அடியில வாழறது. அந்தக் கணவாய் நடுத்தண்ணியில. அப்ப உன் குட்டிச் சுறா ரெண்டு இடத்துலயும் மேயுதோ என்னவோ. ஒரு வயித்தை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கேள்வி கேக்கலாம். தீசிஸ் தொடங்க அது போதும்.” பிறகு தாள் புரளும் சத்தம். “இன்னும் ஏதாவது எழுதியிருக்காங்களா?”

“கடைசியா ஒரு வரி மேடம். ‘அடுத்த டெங்குவைக் கழுவமாட்டேன்.’”

மறுமுனையில் மேடம் மூக்கை உறிஞ்சியது மாதிரி இருந்தது. மண் தூசியில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

“சாம்பிள் ஃபார்ம்ல ‘சேகரித்தவர்’னு ஒரு கட்டம் இருக்கும். யார் பேரைப் போட்டிருக்க?”

“என் பேரு மேடம்.”

“அடிச்சிடு. அந்தம்மா பேரைப் போடு.”

போனை வைத்தேன். நைனா நாலு சால் தள்ளி, செடியைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடா சொல்றாங்க? எறாவா, சுறாவா?”

“சுறாதான் நைனா.”

அவர் கையில் இருந்த செடியை ஓங்கி ஒரு உதறு உதறினார். காயெல்லாம் குலுங்கின. “சரி, அப்ப அந்தம்மா பேர தப்பில்லாம எழுது. எத்தினி எழுத்து?”

“நாலு எழுத்துதான் நைனா. ச, ச், சி, கோ.”

எழுதக் கையில் பேனா இல்லை. வரப்பு மண்ணில் விரலால் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். நைனா பக்கத்தில் வந்து குந்தி, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தார்.